ஹாஸ்டர்ட் ஒப்புக்கொண்டவை

டென்னிஸ் ஹாஸ்டர்ட் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நாற்காலிக்கு வந்த கதையே விசித்திரம். 1998 டிசம்பர். அதிபர் கிளிண்டனைப் பதவிநீக்கியே தீருவது என்று குடியரசுக் கட்சி வரிந்துகட்டிக்கொண்டு நின்ற நேரம். தேர்தல் பின்னடைவால் சபாநாயகர் நியூட் கிங்ரிச் ஏற்கெனவே ஒதுங்கிவிட்டார். அடுத்து வரவேண்டிய பாப் லிவிங்ஸ்டனின் திருமணத்துக்கு வெளியிலான உறவுகள் அம்பலமாக, தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்த அன்றே அவர் சபையில் எழுந்து விலகல் அறிவித்தார். எந்த வம்பிலும் அடிபடாத ஓர் ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. கிடைத்தவர் இல்லினாய் மாநிலம் யார்க்வில் உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் ஆசிரியர், மல்யுத்தப் பயிற்சியாளர். சகாக்களுக்கு அவர் ‘கோச்’.

அமெரிக்கச் சபாநாயகர் நடுநிலைக்காரர் அல்ல. பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். அதிபர் பதவிக்கான வாரிசு வரிசையில் துணை அதிபருக்கு அடுத்த இடம். அங்கே ஹாஸ்டர்ட் 1999 முதல் 2007 வரை இருந்தார். அவர் கட்சியில் வேறு எவரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

*

2003இல் குழந்தைகளைக் காக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியபோது, திரும்பத் திரும்பக் குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களை ஆயுள் முழுக்க உள்ளே வைக்க வேண்டும் என்று அவர் பெயரில் அறிக்கை வந்தது. எழுதிக்கொடுத்தது யாரோ உதவியாளராக இருக்கலாம். அதனால் என்ன?

2006இல் மார்க் ஃபோலி விவகாரம். சபையில் ஏவல் பணி செய்த பதின்வயதுப் பையன்களுக்கு ஆபாசச் செய்தி அனுப்பிய உறுப்பினர். சபாநாயகர் அலுவலகத்துக்கு விஷயம் முன்பே போயிருந்தது. பொறுப்பு என்னுடையது என்றார் ஹாஸ்டர்ட். பதவி விலக மாட்டேன் என்றும் சொன்னார். விதி எதுவும் மீறப்படவில்லை, அலட்சியம் இருந்தது என்று ஒழுங்குக் குழு முடித்துக்கொண்டது.

*

பயிற்சியாளராக இருந்த காலத்தில் மாணவர்களிடம் அவரே அத்துமீறியிருந்தார். ஆனால் அவரைப் பிடித்தது பாலியல் வழக்கு அல்ல, வங்கிக் கணக்கு. ‘நபர் ஏ’ என்று மட்டும் குற்றப்பத்திரிகை சொல்லும் முன்னாள் மாணவர் ஒருவருக்கு, அது வெளியே வராமலிருக்க, 35 லட்சம் டாலர் தருவதாக 2010இல் ஒத்துக்கொண்டு, ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாகப் பணமாக எடுத்துக் கொடுத்தார். வங்கி கேள்வி கேட்டது. உடனே பத்தாயிரத்துக்குக் கீழே குறைத்துக்கொண்டார், அந்தத் தொகையைத் தாண்டினால்தான் வங்கி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால். 106 முறை, மொத்தம் 9,52,000 டாலர். அப்படித் துண்டு போடுவதும் குற்றம். 2001இல் பேட்ரியட் சட்டம் வங்கிக் கண்காணிப்பை இறுக்கியபோது சபையை நடத்தியவர் இவர்தான்.

2014 டிசம்பரில் எஃப்பிஐ வந்து கேட்டது. வங்கிகள் மேல் நம்பிக்கையில்லை, பணத்தை நானே வைத்திருக்கிறேன் என்றார். பிறகு வழக்கறிஞர் மூலம் கதை மாறியது: பொய்ப் புகார் சொல்லி ஒருவர் மிரட்டிப் பறிக்கிறாராம். எஃப்பிஐ அதையும் நம்பி இருவரின் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்தது. கேட்டுப் பார்த்தால் எதிர்முனையில் மிரட்டுகிறவராக யாரும் இல்லை.

எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்வது. அவர் பேச்சுகளை வரிசையாக வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான். ஒரு அங்குலம் கூடுதலாகக் கொடுத்ததில்லை.

*

2016 ஏப்ரல் 27, சிகாகோ நீதிமன்றம். சக்கர நாற்காலியில் 74 வயதுக்காரர். பயிற்சி கொடுத்த சில மாணவர்களைத் தவறாக நடத்தினேன் என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார். நீதிபதி தாமஸ் டர்க்கின் விடவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டார். சற்றுமுன் அதே அறையில் அழுதபடி சாட்சி சொன்னவரைப் பற்றிக் கேட்டபோது, நினைவில்லை, ஆனால் அவர் சொல்வதை ஏற்கிறேன் என்பது பதில். இறந்துபோன மாணவர் ஒருவரைப் பற்றிக் கேட்டபோது, அது வேறு மாதிரியான விஷயம் என்று ஆரம்பித்தார். வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, ஆம் என்றார்.

குழந்தைகளைத் தொடர்ந்து சீரழித்தவர் என்று நீதிபதி முகத்துக்கு நேரே சொன்னார். தண்டனை 15 மாதம், அதுவும் பணம் எடுத்த குற்றத்துக்கு. மற்றதற்குக் காலவரம்பு எப்போதோ முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு இல்லினாய் அந்தக் காலவரம்பையே நீக்கியது.

இவருக்காக நீதிமன்றத்துக்கு வந்த பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று அவருடைய பழைய கட்சிச் சகா டாம் டிலே எழுதியது: எல்லோரிடமும் குறை உண்டு, ஹாஸ்டர்ட்டிடம் வெகு குறைவு என்று. குற்றத்தை விடவும் இந்த மாதிரி நற்சான்றுகள்தான் எரிச்சலூட்டுகின்றன.

*

2015 நவம்பரில் சபாநாயகர் கூடத்திலிருந்து அவர் ஓவியத்தை இறக்கினார்கள். வீட்டன் கல்லூரி தன் மையம் ஒன்றுக்கு வைத்திருந்த அவர் பெயரை எடுத்தது. எடுக்க முடியாதது ‘ஹாஸ்டர்ட் விதி’: ஆளுங்கட்சி உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் விரும்பாத மசோதாவை வாக்கெடுப்புக்கே கொண்டுவராதே என்பது. 2013இலேயே அப்படி ஒரு விதி கிடையாது என்று அவரே கைகழுவிவிட்டார். ஆனாலும் அந்தப் பெயரில்தான் வாஷிங்டன் இன்றும் அதைப் பேசுகிறது.

*

சிறையிலிருந்து 2017இல் வெளியே வந்தார். ஒத்துக்கொண்ட தொகையில் பாதிக்கு மேல் பாக்கி என்று நபர் ஏ சிவில் வழக்குப் போட்டிருந்தார். ஹாஸ்டர்ட் தரப்பு எதிர்வழக்குப் போட்டது. ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை நபர் ஏ மீறிவிட்டாராம். கொடுத்த 17 லட்சம் டாலரைத் திருப்பித் தர வேண்டுமாம். 2021இல், விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், சமரசம் ஆனது.