எனக்கும் ஒரு ஸீட்!

மோட்டார் சைக்கிள் என்றாலே அது ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். என்ன ரகம், என்ன விலை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அவர்கள் பேசி முடிவு செய்கிற விஷயம். ஆனால் அந்த வண்டியின் பின் பாதியில் காலமெல்லாம் பிரயாணம் செய்கிறவள் யார்? நாம்தானே! கை எதைப் பிடிப்பது, கால் எங்கே வைப்பது, முந்தானை எங்கே பறக்கிறது என்பதெல்லாம் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. அவர் கண் ரோட்டில் இருக்கிறது. ஆகவே பின் ஸீட்டைப் பொறுத்தவரை நாம்தான் நிபுணர் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் குலசேகரம். குமரி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் தோட்டம். ஒரு பக்கம் போனால் திற்பரப்பு அருவி, இன்னொரு பக்கம் போனால் பேச்சிப்பாறை அணை. இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு. ரோடு ஏற்றம், இறக்கம், வளைவு என்று மாறி மாறி வரும். விடியும் முன்பே பால் வெட்டப் போகிறவர்களின் வண்டிச் சத்தத்தில்தான் எங்களுக்குப் பொழுது விடிகிறது.

என் கணவர் ஒரு சின்னத் தோட்டத்தைக் கவனித்துக்கொள்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளியூர் போன பிறகு, ஒரு பழைய புல்லட்டை ஆசைப்பட்டு வாங்கி வந்தார். முன்பு வைத்திருந்தவர் அதில் ஓட்டுகிறவருக்கு மட்டும் ஒரு ஸீட்டை விட்டுவிட்டு, பின்னால் இருந்ததைக் கழற்றி எறிந்திருந்தார். இரண்டு பக்கமும் குதிரைச் சேணத்தில் தொங்குகிற மாதிரி இரண்டு பெரிய தோல் பைகள். மழைக்கோட்டு, வெட்டுக்கத்தி, மத்தியானச் சோறு, சில நாள் ஒட்டுப்பால் என்று இவருக்கு அந்தப் பைகள் மிகவும் வசதியாகிவிட்டன.

“இனி எனக்கு ஒத்த ஸீட்டு போரும். நீ பஸ்ஸுல போலாம்லா” என்றார் சிரித்துக்கொண்டே. விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனாலும் இருபத்தெட்டு வருஷம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவளுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு மழை ராத்திரி, பேச்சிப்பாறை போகிற வழியில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். பக்கத்து வீட்டார் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு எங்களுக்குப் போன் செய்தார்கள். மணி இரண்டு. முற்றத்தில் வண்டி நிற்கிறது. நான் ஏற ஸீட் இல்லை! ஓர் ஆட்டோவை எழுப்பிக் கொண்டுவந்து நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அம்மா பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலை நான் வாயைத் திறக்கும் முன்பே இவர், “வா, ஸீட் போடணும்” என்று கிளம்பிவிட்டார்.

ஸீட் மட்டும் போதுமா?

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, “அக்கா, மட்கார்டுல ரெண்டு போல்ட் போட்டா போரும். அரை மணி நேர வேலையாக்கும்” என்றான்.

“மட்கார்டு எனக்க எடையைத் தாங்குமா மக்கா?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். பிறகு கொஞ்சம் யோசித்தான்.

எனக்கு அந்தக் கேள்வி வரக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஓர் அக்கா. இதே மாதிரி பை மாட்டிய வண்டியில்தான் போனார். பை மாட்ட இடைஞ்சல் என்று சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டைக் கழற்றியிருந்தார்கள். ஓர் இறக்கத்தில் முந்தானை சக்கரத்தில் சுற்றி, அவரை இழுத்துத் தள்ளிவிட்டது. தோள் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. இன்றைக்கும் வலது கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ள முடியாது.

சட்டமும் இதைச் சொல்லியிருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆவது பிரிவின்படி, ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவரைத்தான் ஏற்றலாம். அவரும் வண்டியில் உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான ஸீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இன்னும் விவரமாகச் சொல்கிறது. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள நிரந்தரமான கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் இருந்தாக வேண்டும்.

ஆக ஸீட்டோடு சேர்த்து மொத்தம் நான்கு சாமான். எங்கள் வண்டியில் நான்கும் இல்லை! பை தொங்குகிறதே, அதுவே சக்கரத்தை மறைக்காதா என்று இவர் கேட்டார். துணிக்கு அது தடுப்பு ஆகாது. அதோடு, துணியோ தோலோ ஆன பைக்கு உள்பக்கம் கம்பித் தாங்கல் இல்லாவிட்டால், ஆடி ஆடி அந்தப் பையே சக்கரத்துக்குள் போய்விடும். முதலில் சேலை கார்டு, அதற்கு வெளியே பை என்று தீர்மானித்தோம்.

பையா, ஸீட்டா?

பையைக் கழற்ற இவருக்கு மனசில்லை. எனக்கும் அந்தப் பைகளின் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. காய்கறி வாங்கப் போனால் எவ்வளவு சௌகரியம்! இரண்டையும் ஒன்றாகப் பொருத்தியபோது நாங்கள் கவனித்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் உபயோகப்படலாம்.

பைகளின் கம்பித் தாங்கலும் பின் ஸீட்டின் தாங்கலும் பெரும்பாலும் ஒரே போல்ட் துவாரங்களுக்குத்தான் போட்டி போடும். இரண்டையும் ஒரே போல்ட்டில் கோத்தால் பழைய போல்ட் நீளம் போதாது. நட்டு நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். சரியான நீளத்தில் புதுப் போல்ட்டும், ஓட்டத்தில் தளராத நைலான் நட்டும் போடச் சொல்லுங்கள்.

ஸீட்டின் பாரம் தகர மட்கார்டில் இறங்கக் கூடாது. பின்புற சேஸிஸ் கம்பியில் இறங்க வேண்டும். தகரத்தில் மட்டும் நின்றால் நாலு மாதத்தில் துவாரத்தைச் சுற்றிக் கீறல் விழும். எங்கள் மெக்கானிக் தம்பி லேத்துப் பட்டறையில் இரண்டு இரும்புப் பட்டை வளைத்து வாங்கி, சேஸிஸிலிருந்தே தாங்கல் கொடுத்துவிட்டான்.

மட்கார்டு வழியாகப் போகிற போல்ட்டின் வால் கீழே சக்கரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஆள் இல்லாதபோது இடைவெளி தாராளமாகத் தெரியும். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஷாக் அப்சார்பர் அமுங்கி டயர் மேலே வரும். அப்போது அந்த வால் டயரைக் கிழித்துவிடும். போல்ட்டின் தலை உள்பக்கமும் நட்டு வெளிப்பக்கமும் இருக்கும்படி திருப்பிப் போட்டால் இந்தப் பயம் இல்லை. எல்லாம் பொருத்தியானதும் இருவரும் ஏறி உட்கார்ந்து, மூன்றாவது ஆளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரு பைகளையும் இணைக்கும் தோல்வார் ஸீட்டுக்கு அடியில் போவது நல்லது. ஆனால் ஸீட்டின் புட்டத்துக்கும் தாங்கலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் ஸீட் சரியாக அமராமல் ஆடும். வார் வருகிற இடத்தில் வாஷர் கொடுத்து ஸீட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

சைலன்சர் பக்கத்துப் பையைக் கவனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது வலது பக்கம். பையின் அடி சூட்டில் கருகாமலிருக்க நடுவில் ஒரு தகடு வைக்கலாம். நம் கால் படுகிற இடத்திலும் சூடு தடுக்கும் தகடு தேவை. எத்தனை பேர் கெண்டைக்காலில் சைலன்சர் தழும்போடு இருக்கிறோம்! சுட்டுவிட்டால் உடனே 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காலைக் காட்டுங்கள். பற்பசை, இங்க் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம்.

ஒருபக்கமா, இருபக்கமா?

இடது பக்கம் பை தொங்கினால், ஒருபக்கமாக உட்காரும் பெண்ணுக்குக் கால் தொங்கவிட இடமே இல்லை. காலைப் பைக்கு மேல் தூக்கி வைத்தால் பிடிமானம் போய்விடும். ஆகவே பை மாட்டிய வண்டியில் இருபக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் வழி. நான் சுரிதாருக்கு மாறிவிட்டேன். ஷாலை இரண்டு தோளிலும் விட்டுப் பறக்கவிடாமல், குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்கிறேன். எழுபத்தொன்பது வயசில் நேரியல் கட்டுகிற என் அம்மா அப்படி உட்காருவாளா? அவள் ஏறுகிற நாளில் இடதுபக்கப் பையைக் கழற்றிவிடும்படி கொக்கி வைத்துக்கொண்டோம். சேலை கார்டின் கீழே அகலமான ஃபுட்ரெஸ்ட் ஒன்றையும் மாட்டியாயிற்று.

உடம்புக்கும் இருபக்கமாக உட்காருவதுதான் நல்லது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் பாரமெல்லாம் ஒரே இடுப்பில் விழுகிறது, முதுகெலும்பு முறுக்கிக்கொள்கிறது, பிரேக் போட்டால் சாய்வதற்குத் தடை இல்லை. இடுப்புவலிக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். வேகத்தடை வரும்போது இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கிக்கொண்டால் அதிர்ச்சி முதுகுக்கு ஏறாது. கர்ப்பிணிகளும் எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் பின் ஸீட்டில் ஏற வேண்டாம்.

ஸீட் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் அடிப் பலகையைத் தொட்டால் அந்த ஸ்பாஞ்ச் இரண்டு மாதத்தில் அப்பளமாகிவிடும். இரண்டு தொடைக்கும் தாங்கல் கிடைக்கும் அகலம் வேண்டும். முன்பக்கம் சரிந்திருந்தால் பிரேக்குக்குப் பிரேக் ஓட்டுகிறவர் முதுகில் போய் மோதுவோம். எங்கள் ஊர் மழைக்கு ரெக்ஸின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி, வெயில் நாளில்கூடச் சேலை நனையும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுத் தைக்கச் சொன்னேன். நாற்பது ரூபாய் கூட ஆயிற்று, அவ்வளவுதான்.

ஏறும் முன்...

இருவர் ஏறினால் பின் டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். வண்டியோடு வரும் புத்தகத்தில் ஓர் ஆளுக்கு ஓர் அளவு, இரண்டு ஆளுக்கு ஓர் அளவு என்று போட்டிருக்கும். பின்பாரம் கூடினால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யும். அதையும் சரிசெய்யுங்கள். பைகளில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம எடை இருக்கட்டும். கனமான சாமான் அடியில் போகட்டும். புது ஸீட் போட்டு நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு தரம் முறுக்கிவிடுங்கள்.

ஆர்.ஸி. புத்தகத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். எங்கள் வண்டிக்கு இரண்டு என்று இருந்தது. இன்ஷூரன்ஸையும் எடுத்துப் பாருங்கள். சட்டத்துக்காகக் கட்டாயமாக எடுக்கும் மூன்றாம் நபர் பாலிஸி மட்டும் இருந்தால், அது பின் ஸீட்டில் இருப்பவருக்குப் பொருந்தாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் கூடக் கட்டி முழுப் பாலிஸியாக எடுத்துக்கொள்வது நமக்குத்தான் பாதுகாப்பு. ஹெல்மெட்டும் அப்படித்தான். பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கண்டிப்பாக்கினார்கள். இன்றும் பின் ஸீட்டில் வெறும் தலையோடுதான் எத்தனை பெண்கள்! பூ கசங்கினால் வேறு பூ வாங்கலாம்.

எங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் வேலை. இப்போது வாரம் இரண்டு தரம் அம்மாவைப் பார்த்து வருகிறோம். பையில் அவளுக்கு மருந்தும், திரும்பும்போது எங்களுக்கு மரச்சீனியும். “இனி பாதி ராத்திரி ஆனாலும் நீ வந்துருவா” என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டுக்காரரோ மகனோ வண்டி வாங்கக் கிளம்பினால் நீங்களும் கூடப் போங்கள். அவர் முன்னால் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கட்டும். நீங்கள் பின்னால் ஏறி உட்காருங்கள். கை, கால், முந்தானை மூன்றுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.