28 வயசுல டி.பார்ம்.?

இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடக்கு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சால்ஜாப்பு சொல்லலாம். ஆனா உண்மை அது இல்லை. ரெண்டு மாசமா ராத்திரியில பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி புத்தகம் படிச்சிட்டிருக்கேன். சிரிக்காதீங்க மக்களே, மேட்டர் சீரியஸ்.

நமக்கு ஊர் முண்டியம்பாக்கம். சென்னையிலிருந்து ரயில்ல வந்தா விழுப்புரத்துக்கு முந்தின ஸ்டேஷன். சின்ன வயசுல எங்க ஊருக்கு அடையாளம்னா சர்க்கரை ஆலைதான். கரும்பு வண்டி வரிசை, அரவைக் காலத்துல காத்துல வர்ற அந்த மொலாசஸ் வாடை. 2010-ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. அதுலேர்ந்து யாராவது ஊர் பேரைக் கேட்டா "ஓ, ஆஸ்பத்திரி ஊரா?"ங்கிறாங்க.

விஷயத்துக்கு வர்றேன். அம்மாவுக்கு சர்க்கரை. காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி கிளிமிபிரைடு 1 மில்லிகிராம். தீபாவளி லீவுல வந்தப்ப ஒரு கடையில (எந்த ஊர், எந்தக் கடைன்னு சொல்லப் போறதில்லை) மாத்திரை வாங்கிட்டு வந்தது நான்தான். பேரைப் பார்த்தேன், கம்பெனியைப் பார்த்தேன், விலையைக்கூட பார்த்தேன். எண்ணைப் பார்க்கல. கடைப் பையன் குடுத்தது 2 மில்லிகிராம்.

மூணாம் நாள் காலை பதினோரு மணி. அம்மா கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. திடீர்னு கை நடுங்குது, புடவை நனையிற அளவுக்கு வேர்வை. மெஷின்ல குத்திப் பார்த்தா 52. சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, ஆட்டோ புடிச்சு டாக்டர்கிட்ட ஓடி... அன்னிக்கு நல்லபடியா முடிஞ்சுது. அட்டையைப் பார்த்துட்டு டாக்டர் கேட்டார், "யார் வாங்குனது?" பதில் சொல்ல வாய் வரல.

மறுநாள் கடைக்குப் போனேன். சுவத்துல கண்ணாடி போட்ட பார்மசிஸ்ட் சர்டிபிகேட் தொங்குது. அதுல இருக்கிறவர் எங்கன்னு கேட்டேன். "சார் எப்பவாச்சும் வருவாருண்ணா"ன்னான் பையன். அவனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கலாம். அவன் மேல கோவம் வரல. 1948-ம் வருஷ பார்மசி சட்டம், 42-வது பிரிவு, டாக்டர் சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து குடுக்கணும்னு தெளிவா சொல்லுது. நாற்காலி இருக்கு, சர்டிபிகேட் இருக்கு, ஆள்தான் இல்லை.

அன்னிக்கு ராத்திரி தோணுச்சு: அந்த நாற்காலியில நான் உட்கார்ந்தா என்ன?

முதல் சந்தேகம், நான் பிளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பயாலஜி கிடையாது. தேடிப் பார்த்தா, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியோட பயாலஜி இல்லேன்னா மேத்ஸ் இருந்தா போதும்னு பார்மசி கவுன்சில் விதி. அப்பாடா! டி.பார்ம். ரெண்டு வருஷம், அப்புறம் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. 2022-ல வந்த விதிமுறைப்படி அதுக்கு மேல மூணு பேப்பர் எக்ஸிட் எக்ஸாம். பி.பார்ம்.னா நாலு வருஷம். டி.பார்ம். முடிச்சா பி.பார்ம். ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம். தபால்ல படிக்கிற கதையெல்லாம் கிடையாது. அதாவது, வேலையை விடணும்.

இங்கதான் வயித்தைக் கலக்குது. தெரிஞ்ச கடைகள்ல சம்பளம் விசாரிச்சேன். எனக்கு மாசாமாசம் பி.எஃப்., டாக்ஸ்னு பிடிக்கிறாங்களே, கிட்டத்தட்ட அவ்ளோதான்.

ஆனா படிக்கப் படிக்க ஒண்ணு புரியுது. இதுல பாதி நம்ம வேலைதான். 10 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல், பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு டாக்டர் எழுதுறார். மொத்தம் 150. கடையில ஒரே மருந்து மூணு பாட்டில்ல இருக்கு. 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் சிரப்புன்னா 6 மில்லி. 5 மில்லிக்கு 250-ன்னா 3 மில்லி. சொட்டு மருந்துல ஒரு மில்லியிலயே 100 இருக்கு, அதனால ஒன்றரை மில்லிதான். "போன தடவை 6 மில்லி குடுத்தோமே"ன்னு சொட்டு மருந்துல 6 மில்லி ஊத்துனா 600 மில்லிகிராம், நாலு மடங்கு. 1999-ல நாசா செவ்வாய்க்கு அனுப்பின விண்கலம் தொலைஞ்சது இதே மாதிரி அலகுக் குழப்பத்துலதான். நாம தப்பு பண்ணா புரொடக்ஷன்ல பக் வரும், ரோல்பேக் பண்ணிடலாம். அம்மா விழுங்கின மாத்திரைக்கு ரோல்பேக் கிடையாது.

இன்னொரு ஆறுதல், மகாதேவ லால் ஷ்ராஃப். இந்திய பார்மசி கல்வியின் தந்தைன்னு சொல்றாங்க. 1930-கள்ல காசி இந்துப் பல்கலைக்கழகத்துல இந்தப் படிப்பை ஆரம்பிச்சவர். அவரே பார்மசி படிச்சவர் இல்லை, அமெரிக்காவுல வேதியியல் படிச்சிட்டு வந்தவர். ஆரம்பிச்சவரே வேற துறைலேர்ந்து தாவுனவர்தான், அப்புறம் நமக்கென்ன?

அப்பாகிட்ட சொன்னேன். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "இன்ஜினியரிங்குக்கு வாங்குன லோன் போன வருஷம்தான்யா முடிஞ்சுது"ன்னார். அவ்ளோதான் பேசினார். அம்மாவோட கவலை வேற. "பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேட்டா, காலேஜ் முதல் வருஷம் படிக்கிறார்னாடா சொல்றது?" நியாயமான கேள்வி. பதில் இல்லை.

இப்போதைக்குக் கணக்கு இதுதான். கையில எட்டு மாசச் செலவுக்குப் பணம் இருக்கு. அது ரெண்டு வருஷம் ஆகுற வரைக்கும் ராஜினாமா கிடையாது. அதுக்குள்ள பயாலஜி புத்தகம் ரெண்டையும் முடிக்கணும். டி.சி., மார்க் ஷீட் எல்லாம் எடுத்து வெச்சாச்சு. அடுத்த வருஷம் விண்ணப்பம் குடுக்கிறப்பவும் இதே வேகம் இருந்தா போடுவேன். இல்லேன்னா அதையும் இங்கயே வந்து ஒத்துக்குவேன்.

போன வாரம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். அட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணைப் பார்த்துட்டு நின்னேன். பின்னாடி நின்ன பெரியவர், "தம்பி, நகரு கண்ணு, பஸ் போயிடும்"னார். அவர் கையில இருந்த சீட்டையும் ஒரு தடவை பார்த்துக் குடுத்துட்டுத்தான் நகர்ந்தேன்.

டிஸ்கி: மேல இருக்கிற மில்லி கணக்கு விளக்கத்துக்கு மட்டும். உங்க வீட்டுக் குழந்தைக்கு டாக்டரைக் கேட்டுக் குடுங்க. முப்பதை நெருங்கி வேலையை விட்டுட்டுப் படிக்கப் போன பதிவர்கள் யாராச்சும் இருந்தா, முதல் ஆறு மாசம் எப்படி இருந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா. கும்மி அப்புறம் அடிக்கலாம்.