ஓரத்தில் நின்ற அத்தை

நம் வீட்டுக் கூடங்களில் தொங்கும் பழைய கல்யாணப் படங்களுக்குத்தான் எத்தனை எதிரிகள்! கடற்காற்றின் ஈரம் பூஞ்சையைக் கொண்டு வருகிறது. அந்த நாளில் ஸ்டூடியோக்காரர் ஹைப்போ உப்பைச் சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால், படம் தானாகவே பழுப்பேறிவிடும். போதாக்குறைக்குச் செல்லும் அரிக்கிறது.

இது வெறும் வீட்டு விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறது. சரித்திரம் கல்வெட்டில் மட்டும்தானா இருக்கிறது?

வில்லியனூரில் எங்கள் வீட்டில் இந்த வித்தைக்கு என் மகள்தான் குரு. 1990-ல் வந்த போட்டோஷாப்புக்குப் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் 1995-ல் எழுதத் தொடங்கிய ‘கிம்ப்’ இலவசம். இலவசம் என்றால் நாம் விடுவோமா?

1964-ல் பாகூரில் எடுத்த என் பெற்றோரின் கல்யாணப் படத்தை ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. அளவில் ஏற்றினோம். “அசலின் மேலே கை வைக்காதே அம்மா. ஒரு லேயர் பிரதி எடுத்து அதிலே வேலை செய்” என்றாள் மகள். கோலத்தின் மேல் கண்ணாடித்தாளைப் பரப்பி வரைவது போலத்தான். பிடிக்காவிட்டால் தாளை எடுத்துவிடலாம். கோலம் அப்படியே இருக்கும்.

அடுத்தது ‘லெவல்ஸ்’. மலைபோல் ஒரு வரைபடம். அதன் அடியில் மூன்று சிறு முக்கோணங்கள். கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வெள்ளையை அது முடியும் இடத்துக்கும் நகர்த்தினால், மங்கிய முகங்கள் தெளிகின்றன. நடுவில் உள்ளதை இடப்பக்கம் தள்ளினால் நிழலில் இருப்பவை வெளிச்சத்துக்கு வருகின்றன. பிறகு ‘ஹீல்’ தூரிகை. கண்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடி நல்ல இடமொன்றைத் தொட்டுவிட்டு, பூஞ்சைப் புள்ளியின் மேல் தடவினால் போதும், புள்ளி மறைந்துவிடும். பொறுமைதான் வேண்டும். அது நமக்கு அரிசியில் கல் பொறுக்கியே வந்த குணமல்லவா?

கடைசியில் ‘கிராப்’, அதாவது ஓரத்தை வெட்டுவது. இங்கேதான் சங்கடம் வந்தது.

பாகூரிலிருந்து அண்ணன் வந்திருந்தார். அவர் மகன் கல்யாணத்தில், மண்டப வாசலில் இந்தப் படத்தை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. “ஏம்மா, சுப காரியத்துக்கு வைக்கிற படம். ஓரத்திலே வெள்ளைப் புடவை எதற்கு? வெட்டிவிடேன், படமும் சீராக இருக்கும்” என்றார்.

ஓரத்தில் தூண் நிழலில் பாதி உருவமாக நின்றது எங்கள் அத்தை, அப்பாவின் அக்காள். இருபது வயதில் தாலியை இழந்தவள். அம்மா நடவுக்குப் போன நாட்களில் எங்கள் இருவருக்கும் சோறு ஊட்டியவள். ஏதேனும் வீட்டில் விசேஷம் என்றால், யாரும் சொல்லாமலே பின்கட்டுக்கு ஒதுங்கிவிடுவாள்.

நான் பதில் பேசவில்லை. அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி, நடு முக்கோணத்தை இடப்பக்கம் தள்ளினேன். இருட்டிலிருந்து அத்தையின் கை தெரிந்தது. கையில் ஒரு பனையோலை விசிறி! மணப்பெண்ணுக்கு விசிறிக்கொண்டிருந்தவளை, படம் எடுக்கும்போது தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒரே ஓர் அடிதான் தள்ளியிருக்கிறாள்.

அண்ணன் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சட்டத்தைக் கொஞ்சம் அகலமாகப் போடச் சொல்லும்மா” என்றார்.

சகோதரிகளே, பூஞ்சையைத் துடையுங்கள், கீறலை மூடுங்கள். கத்தரிக்கோலை எடுக்கும் முன் மட்டும், ஓரத்தில் நிற்பது யாரென்று ஒரு தடவை வெளிச்சம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.