பாதி இறக்கிய ஷட்டர்

எங்கள் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். நீடாமங்கலம் மூணாறு தலைப்புப் பக்கம் ஷட்டரை ஏற்றி இறக்கியே எங்களை வளர்த்தவர். லஸ்கர் என்பது ஒரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு இருந்த பெயர். கப்பலையே பார்த்திராத அப்பாவுக்கு அது எப்படியோ வந்து சேர்ந்தது. திருகுக் கம்பியில் எத்தனை மரை ஏறியிருக்கிறது என்று விரலால் தடவி எண்ணி நோட்டில் எழுதுவார். நடுராத்திரியில் கடைமடைக்காரர்கள் கம்போடு வந்து நின்றாலும் ஒரு மரை கூட்ட மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷட்டர் என்றால் என்னவென்று தெரியாதவன் செய்த தப்பு இல்லை இது.

2019 ஆகஸ்டில் தங்கை குடும்பத்தோடு இங்கிலாந்தில் இரண்டு வாரம் படகில் போனேன். தங்கை, மாப்பிள்ளை, அவர்களுடைய பதின்மூன்று வயதுப் பையன், நான். பாத் நகரில் ஏறி, கென்னட் அண்டு ஏவன் கால்வாய் வழியாக நியூபரி வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். படகு ஏழடி அகலம்கூட இராது. நீளமோ ஐம்பத்தேழு அடி. ரயில் பெட்டியில் ஒன்றைக் கழற்றி வாய்க்காலில் விட்டது போல இருக்கும். மணிக்கு நாலு மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. ஓட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டாம். அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைத் தந்துவிட்டார்கள்.

மேட்டில் ஏறும் இடங்களில் லாக் இருக்கும். இரண்டு பக்கமும் கதவு போட்ட பெரிய தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கதவு வழியாகப் படகை உள்ளே விட்டுச் சாத்திவிட்டு, மேல் ஷட்டரைத் தூக்கினால் மேலேயிருக்கிற தண்ணீர் உள்ளே இறங்கும். படகு தானாக உயரும். பிறகு மேல்கதவைத் திறந்து வெளியே போய், கதவைச் சாத்தி, ஷட்டரை இறக்கிவிட வேண்டும். கடைசியில் சொன்ன இந்த வேலையை விட்டால், கீழ்க்கதவின் இடுக்குகள் வழியாக ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஒழுகிப் போகும். இரண்டு லாக்குக்கு நடுவே இருக்கிற நீர் எவ்வளவோ அவ்வளவுதான் கையிருப்பு. விடிவதற்குள் வாய்க்கால் வற்றிவிடும்.

திங்கட்கிழமை சாயங்காலம் சீண்ட் என்ற ஊர் லாக்குகளில் ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு பக்க ஷட்டர் பையனிடம், மறு பக்கம் என்னிடம். அவன் தன் பக்கத்தைக் கடைசிவரை இறக்கிவிட்டு, ஷட்டரைச் சுழற்றும் கைப்பிடியைக் கழற்றித் தோளில் சாத்திக்கொண்டு என்னிடம் வந்தான். “மாமா, ஒங்களுது?” என்றான். “நான் பாத்துக்கறேன், நீ போய்க் கயிறப் புடி” என்றேன். பாதி இறக்கியிருந்தேன். பல் பல்லாக வெட்டிய இரும்புச் சட்டம் அது; நடுவில் நிறுத்தினால் ஒரு கொக்கி பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். கொக்கியை விழவிட்டு, செல்போனை எடுத்தேன். வெயில் சாய்ந்து தண்ணீரெல்லாம் பொன்னாகக் கிடந்தது. என் மூஞ்சியை நானே படமெடுத்தபடி, “லஸ்கர் மவன் இங்கிலாந்துல ஷட்டர் தொறக்கறான் பாருங்க” என்று பேசி, பள்ளிக்கூட நண்பர்கள் குரூப்பில் போட்டேன். பன்னிரண்டு நொடி. படகு கிளம்பும் சத்தம் கேட்டு ஓடினேன்.

லாக்குக்குக் கொஞ்சம் மேலே ராத்திரிக்குப் படகைக் கட்டினோம். காலையில் நான் சுவரோடு ஒட்டிக் கிடந்தேன். படகு ஒருக்களித்திருந்தது. அடுப்பு மேடையிலிருந்து டம்ளர்கள் உருண்டு விழுந்திருந்தன. கதவைத் திறந்ததும் சேற்று வாடை. தண்ணீர் வராத சித்திரையில் எங்கள் ஊர் வாய்க்கால் அடிக்கும் அதே வாடை. எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு படகுகள் சாய்ந்து கிடந்தன. ஒன்றிலிருந்து ஒரு கிழவர் பலகையைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கரையேற்ற, அந்த அம்மாள் டீக்கோப்பையைக் கீழே வைக்காமலே ஏறினார். கால்வாய் ஊழியர் ஒருவர் சைக்கிளில் வந்தார். லாக்கைப் போய்ப் பார்த்தார். டக் டக்கென்று அவர் ஷட்டரை இறக்கும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

என் பக்கத்து ஷட்டர். கேட்ட உடனே தெரிந்துவிட்டது.

தங்கை பையனைப் பிடித்துக்கொண்டாள். “எத்தன தடவ சொன்னேன், எறக்கிட்டு வாடான்னு!” அவன், “நான் எறக்குனேம்மா” என்றான். அவள் என்னைப் பார்த்தாள். “அண்ணே, அந்தப் பக்கம் யாரு நின்னது?”

“மாறி மாறி நின்னோம். சரியா ஞாபகம் இல்ல” என்றேன்.

“அண்ணன் அப்படி வுடாது. ஷட்டர்லயே பொறந்து வளந்தது” என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை ஊழியரிடமும் அந்தக் கிழவரிடமும் போய், பையன் சின்னவன், மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தார். கிழவர் சிரித்து, எல்லாருக்கும் நடப்பதுதான் என்றாராம். திட்டக்கூட இல்லை. ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் விஷயம். பையன் என்னைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். நான் குனிந்து டம்ளர் பொறுக்கினேன்.

மேலிருந்து தண்ணீர் விட்டுப் படகுகள் மிதக்க மத்தியானம் ஆகிவிட்டது. புதன்கிழமை கேன் ஹில் ஏறினோம். இரண்டு மைலுக்குள் இருபத்தொன்பது லாக். நடுவில் பதினாறு, படிக்கட்டு மாதிரி ஒரே நேர்கோட்டில். ஜான் ரென்னி என்ற பொறியாளர் போட்ட கால்வாய், 1810-இல் முழுசாகத் திறந்தது. ரயில் வந்தபின் பாழடைந்து, ஆர்வலர்கள் பல வருஷம் மண் அள்ளிச் செப்பனிட்டு, 1990-இல் எலிசபெத் ராணி வந்து மறுபடி திறந்துவைத்தார். இந்தப் படிக்கட்டில் ஏறவேண்டும் என்றுதான் பையன் பயணத்துக்கே நாள் எண்ணிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் கையில் கைப்பிடியைக் கொடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நடந்து வந்தான். இருபத்தொன்பதுக்கும் நான்தான் ஒரு பக்கம் நின்றேன். ஒவ்வொன்றையும் இறக்கி, கையால் தட்டிப் பார்த்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி “எறக்கியாச்சு!” என்று கத்தினேன். அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை படகை நகர்த்துவதில்லை என்று முடிவு. உச்சியில் டிவைசஸ் ஊர்த் துறையில் கட்டியிருந்தோம். அன்று சந்தை நாள். தங்கை துணி துவைத்துப் படகின் மேலே காயப்போட்டாள். மாப்பிள்ளை குழாயைச் செருகித் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே நாற்காலியில் தூங்கினார். பத்து நாளைக்கு ஒரு தடவைகூட அமையாத வெயில். உள்ளே யாரோ ரேடியோவை மெதுவாக வைத்திருந்தார்கள். “அண்ணே, அவன இட்டுக்கிட்டுப் போயி ஏதாச்சும் வாங்கிக் குடுங்க, மூஞ்சத் தூக்கி வச்சிருக்கான்” என்றாள் தங்கை.

சந்தைத் திடலில் கோபுரம் மாதிரி ஒரு கல் நினைவுச்சின்னம். 1814-இல் கட்டியது. அதில் பொறித்திருந்ததைப் பையன் சத்தமாகப் படித்தான். 1753 ஜனவரி 25, அதுவும் ஒரு வியாழக்கிழமை. பாட்டர்ன் என்ற ஊர்க்காரி ரூத் பியர்ஸ், வேறு மூன்று பெண்களோடு சேர்ந்து ஒரு மூட்டைக் கோதுமை வாங்கியிருக்கிறாள். ஆளுக்கு ஒரு பங்கு. எண்ணிப் பார்த்தால் ஒருத்தி பங்கு குறைகிறது. நான் கொடுத்துவிட்டேன், கொடுக்கவில்லை என்றால் இங்கேயே விழுந்து சாகிறேன் என்று ரூத் சத்தியம் செய்கிறாள். மறுபடியும் அதையே சொன்னவள் அப்படியே விழுந்து செத்தாள். காசு அவள் கைக்குள் இருந்தது.

பையன் கல்லைப் பார்த்துக்கொண்டே, “நெஜமா மாமா? சாமி கொன்னுடுச்சா?” என்றான்.

“பயத்துல நெஞ்சு நின்னுருக்கும். அந்தக் காலத்துல ரத்தக் கொதிப்பு பாக்க ஏது ஆளு” என்றேன். டாக்டர் மாதிரி விளக்கம் என் வாயிலிருந்து அவ்வளவு வேகமாக வந்தது.

“இவ்ளோ பெரிய கல்லுல எழுதி வச்சுட்டாங்களே” என்றான். அவன் என்னைக் குத்திச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் ஐஸ்கிரீம் வாங்கப் போனேன். ரெண்டு உருண்டை வைக்கச் சொன்னேன். “ஒண்ணு போதும் மாமா” என்றான்.

அவன் நக்கித் தின்னும்வரை பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். குரூப்பில் என் வீடியோவுக்குக் கைதட்டல்கள் குவிந்திருந்தன. மறுபடி ஓடவிட்டேன். என் பல்லுக்குப் பின்னால், தோளுக்கு மேலே, இரும்புச் சட்டம் நின்றுகொண்டிருந்தது. நிறுத்திப் பெரிதாக்கி எண்ணினேன். ஏழு பல். எல்லாருக்கும் சேர்த்து அழிக்கிற நேரம் தாண்டிவிட்டது. போனை அணைத்துப் பையில் போட்டேன். பக்கத்தில் பையன் உட்கார்ந்திருந்தான். சொல்ல அதைவிட நல்ல இடமும் நேரமும் கிடைத்திருக்காது. திரும்பி வரும் வழியில் பிளம்ஸ் வாங்கினோம்.

இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம் தங்கை இந்தக் கதையை எடுத்துவிடுவாள்: இங்கிலாந்து வாய்க்காலையே ஒரே ராத்திரியில் வடித்தவன் என் மகன் என்று. போன வருஷம் மன்னார்குடியில் ஒரு கல்யாணப் பந்தியிலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாக நான் சிரித்தேன்.

தங்கை பத்திரிகை எதுவும் படிப்பதில்லை. மாப்பிள்ளை படிப்பார். நேரில் சொல்லத் துப்பில்லாமல் அவர் கண்ணில் படட்டும் என்று அச்சில் போடுகிறேன். அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.