ஆயாவின் அம்மைத் தழும்பு

மணவூர் வீட்டு நடையில் ஆயாவின் படம் மாட்டியிருக்கிறது. ஆயா செத்துப் பதினைந்து நாள் கழித்துத் திருத்தணியில் ஒரு ஸ்டுடியோவில் செய்து வாங்கியது. ஆயா தனியாக எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. மாமா கல்யாணத்தில் எடுத்த கூட்டுப்படத்தில் மூன்றாவது வரிசையில், யாருடைய தோளுக்கோ பின்னால், பாதி முகம் தெரிய நின்றிருந்தாள். அதைக் கொடுத்தோம். ஸ்டுடியோக்காரர் முகத்தைப் பெரிதாக்கி, மறைந்த பாதியைத் தானே வரைந்து, கழுத்துக்குக் கீழே அவரிடம் தயாராக இருந்த ஒரு பட்டுப்புடவை உடம்பை ஒட்டிக் கொடுத்தார். கன்னத்து அம்மைத் தழும்புகளைத் துடைத்துவிட்டிருந்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இது எங்கம்மா இல்ல" என்றாள் அம்மா. பக்கத்தில் தாத்தாவின் படம். நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றிச் சுருக்கம் உட்பட அவரேதான்.

மொகலாய ஓவியங்களைப் பற்றி ஒரு பயிலரங்குக்காகப் படித்தபோது இந்த இரண்டு படங்களும்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன.

பாரசீக வழிவந்த சிற்றோவியத்தில் முகம் பெரும்பாலும் ஒரு வார்ப்பு. நிலவு போன்ற வட்டமுகம், அரசனுக்கும் அதுதான், ஏவலாளுக்கும் அதுதான். தலைப்பாகையையும் நிற்கும் இடத்தையும் வைத்து ஆளைக் கண்டுகொள்ள வேண்டும். 1580இல் ஃபத்தேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபைப் பாதிரிமார், ஆன்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தை அக்பருக்குக் கொடுத்தார்கள். அதிலும் பின்னால் வந்த செதுக்கோவியங்களிலும் நிழலும் ஒளியுமாக முகம் திரண்டு நிற்பதை அரண்மனை ஓவியர்கள் பார்த்தார்கள், படியெடுத்தார்கள். இதற்கு முன்பே பாரசீகத்தில் ஆள் அடையாளத்தோடு வரைந்தவர்கள் உண்டு. மேற்குதான் எல்லாம் கற்றுக்கொடுத்தது என்பது பாதி உண்மை. இவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். மாதா தலைக்குப் பின்னால் இருந்த ஒளிவட்டத்தை எடுத்து ஜகாங்கீர் தலைக்குப் பின்னால் வைத்ததைப் போல.

அக்பர் தானே உட்கார்ந்து தன் உருவத்தை வரையச் சொன்னார். பிரபுக்கள் எல்லோரையும் வரையச் சொன்னார். ஜகாங்கீர் காலத்துக்குள் கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, இரட்டை நாடி எல்லாம் படத்துக்குள் வந்துவிட்டன. 1618இல் அபினால் உருக்குலைந்து சாகக் கிடந்த இனாயத் கானைப் பார்த்துத் திகைத்த ஜகாங்கீர், அவனை அப்படியே வரையச் சொன்னார். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய, தலையணைகளில் சாய்ந்து கிடக்கிறான் அந்த மனிதன். (எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டில் காரைக்கால் அம்மையாரும் எலும்பும் தோலுமாகத்தான் இருக்கிறார். அது அவரே கேட்டு வாங்கிய உருவம்.)

பெண்கள்? அதே வாதுமைக் கண், அதே பக்கவாட்டு முகம், மெல்லிய துப்பட்டா. அபுல் ஹசன் வரைந்த நூர்ஜகான், ஆணின் தலைப்பாகையோடு கையில் துப்பாக்கி பிடித்து நிற்கிறாள்; ராம்பூர் ரஸா நூலகத்தில் இருக்கும் அந்தப் படம் விதிவிலக்கு. பர்தாவுக்குள் ஆண் ஓவியன் நுழைய முடியாது, அதனால்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பெண் ஓவியர்களும் இருந்தார்களே. ஆகா ரிஸாவின் மாணவியும் மீர் தகீயின் மகளுமான நாதிரா பானு, ஐரோப்பியச் செதுக்கோவியங்களைப் பார்த்து வரைந்தவை தெஹ்ரானில் இருக்கும் குல்ஷன் தொகுப்பில் உள்ளன. நீனி என்பவள் கிறித்தவப் புனிதை சிசிலியாவின் மரணத்தை வரைந்தாள். சஹீஃபா பானு வரைந்தது ஷா தஹ்மாஸ்பை. அந்தப் பாரசீக மன்னர் 1576இலேயே இறந்துபோனவர். ஆன்ட்வெர்ப்பின் தாளும் செத்துப்போன ராஜாவும் இவர்கள் பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கின்றன. தினமும் கூட உட்கார்ந்து சாப்பிட்ட பெண்களின் முகம் எங்கே?

1616இல் அஜ்மீரில் இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ தன்னிடமிருந்த ஒரு பெண்ணின் சிறு ஓவியத்தை ஜகாங்கீரிடம் காட்டினார். இப்படி ஒருத்தி நிஜமாகவே இருந்தாளா என்று பாதுஷா வற்புறுத்திக் கேட்டார். இருந்தாள், இப்போது இல்லை என்றார் ரோ. படத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன், படிகள் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், என் மனைவியர் அவற்றை அணிந்துகொள்வார்கள் என்றாராம் ஜகாங்கீர். ரோவின் நாட்குறிப்பில் இருக்கிறது. தங்களுடைய முகம் எந்தத் தாளிலும் ஏறாத பெண்கள், கடல்தாண்டி எங்கோ செத்துப்போன ஒருத்தியின் முகத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் ஒருத்தியாவது, இவளைப் போல என்னையும் எழுது என்று நாதிரா பானுவிடம் கேட்டிருக்க மாட்டாளா?

நம் பக்கத்துக்கும் இது வந்தது. ஆற்காடு நவாபு முஹம்மது அலி வாலாஜாவின் காலத்தில், 1769இல், சென்னைக்கு டில்லி கெட்டில் வந்து இறங்கினார். பெயர்பெற்ற ஆங்கில ஓவியர்களில் முதலாவதாக இந்தியா வந்தவர். பின்னால் ஜார்ஜ் வில்லிசன் வந்தார். கும்பெனிக்காரர்களிடம் கடனில் மூழ்கிக் கிடந்த நவாபுக்கு, தான் இன்னும் அரசன்தான் என்று லண்டனுக்குக் காட்ட எண்ணெய்ச் சாய ஓவியம் தேவைப்பட்டது. நீள அங்கியும் நகைகளும் வாளுமாக முழு உயரத்தில் நிற்கிறார். கெட்டில் நவாபை அவருடைய ஐந்து மகன்களோடு சேர்த்தும் வரைந்தார். மகன்களைப் பெற்றவர்கள் அந்தப் படத்தில் இல்லை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "படம் எழுதாதது நல்லதுதானே மேடம், யாரும் உத்துப் பாக்க மாட்டாங்களே" என்றாள். கைப்பேசியில் தன் முகத்தை வைக்கப் பயப்படும் தலைமுறை அது. அவள் சொன்னதை என்னால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. பார்க்கப்படுவதும் இவளாக அறியப்படுவதும் ஒன்றில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

நடையில் மாட்டிய படத்துக்கு அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பூ வைக்கிறாள். கல்யாணக் கூட்டுப்படத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். எப்போதாவது எடுத்து, முன்னால் நிற்கும் ஆளைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, மிச்சமிருக்கும் பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கன்னத்தில் தழும்பு தெரியும்.