பாட்டியின் கடல் யாத்திரை

சமுத்திரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். காரணம் வெகு காலம் எனக்குத் தெரியாது. மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்கு ரயிலில் போய் அன்றே திரும்பி விடலாம். இருந்தும் நாற்பது வயது வரையில் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பேச்சை எடுத்தால், "குற்றாலம் போகலாமே!" என்பாள் அம்மா.

சட்டத்தை மீறியவன் என் மகன். 2025-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள் அல்லவா? கப்பல் வந்தால் நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலே எழும்பி வழி விடுமாம். இதை அவன் பத்திரிகையில் படித்த பிறகு வீட்டில் நிம்மதி ஏது? "பாட்டி வந்தால்தான் நானும் வருவேன்" என்று வேறு பிடிவாதம். பேரன் சொல்லைத் தட்டும் பாட்டி இந்தப் பூவுலகில் இன்னும் பிறக்கவில்லை.

கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை வண்டியில் ஏறினோம். நாலு நாளைக்குக் காணும்படி என் மனைவி சாப்பாடு கட்டியிருந்தாள். மானாமதுரை தாண்டுவதற்குள் இட்டிலி தீர்ந்தது. பரமக்குடியில் புளியோதரைக்கும் அதே கதி. மண்டபத்துக்கு அப்பால் வண்டி நடை தளர்ந்து பாலத்தின் மேல் ஏறிற்று. பக்கத்தில், 1914-ல் திறந்த பழைய பாலம் துருவேறி நின்றது. கீழே எங்கு பார்த்தாலும் நீலம்.

"பாட்டி, கை வலிக்கிறது!" என்று பையன் கத்தினான்.

அம்மா அவன் கையை இறுகப் பற்றியிருந்தாள். அவள் கண்கள் மூடியிருந்தன.

ராமேசுவரத்தில் சுவாமி தரிசனம் ஆனதும் ஒரு வேனில் தனுஷ்கோடிக்குப் போனோம். மணலில் இடிந்த மாதா கோயிலும் சில மொட்டைச் சுவர்களும் நின்றன. அங்கே உட்கார்ந்துதான் அம்மா வாய் திறந்தாள்.

1964-ம் வருஷம். அவளுக்கு 12 வயது. இலங்கைக்குப் போகும் கப்பலைக் காட்டுவதாகத் தாத்தா வாக்களித்திருந்தார். டிசம்பர் 22-ந் தேதி புறப்பட ஏற்பாடு. அன்று காலை அவளுக்கு ஜுரம், பிரயாணம் நின்றது. அவள் அழுது தீர்த்தாள். அன்றிரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த ரயிலைக் கடல் கொண்டு போயிற்று. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஊரும் அழிந்தது. அதற்குப் பிறகு ரயில் ராமேசுவரத்தோடு நின்று விட்டது.

"செய்தி வந்த இரவு அப்பா என்னை மடியில் போட்டுக் கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அப்புறம் சமுத்திரம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. நாம் உட்கார வேண்டிய இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்களே! நான் பிழைத்ததற்குச் சந்தோஷப்படலாமா, கூடாதா? அறுபது வருஷமாக எனக்குத் தெரியவில்லை."

எனக்கு மட்டும் என்ன தெரியும்? பேசாமல் இருந்தேன். பையன்தான் கேட்டான்: "ஜுரம் எத்தனை டிகிரி, பாட்டி?"

"நூற்று இரண்டு."

"போதும்" என்றான் அவன், பெரிய டாக்டர் போல.

அம்மா சிரித்து விட்டாள். பிறகு எழுந்து கரைக்குப் போனாள். அங்கே ஒரு புறம் அமைதியான பெண் கடல், மறு புறம் ஆர்ப்பரிக்கும் ஆண் கடல் என்று உள்ளூரார் சொல்வார்கள். பெண் கடலில் கணுக்கால் நனைய நின்றாள். கோயிலில் கொடுத்த பூவை, பேர் தெரியாத அந்த மனிதர்களுக்காகத் தண்ணீரில் விட்டுக் கை கூப்பினாள்.

சாயங்கால வண்டியில் திரும்பினோம். பாலம் வரும் சமயத்தில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்று பாட்டிக்கும் பேரனுக்கும் பெரிய சண்டை.

பாட்டிதான் ஜயித்தாள்.