பிரபஞ்ச சரித்திரம் சுமந்த மோட்டார் வண்டி

கலைக்கூடத்துச் சுவரிலே மாட்டப்பெற்ற ஓவியத்தை வெயில் தீண்டுவதில்லை, மழை நனைப்பதில்லை. காண விழைவோர்தாம் அதனைத் தேடிச் செல்லல் வேண்டும். இதற்கு மாறாக, காண்போரைத் தேடித் தானே வீதியில் ஓடிச் சென்ற ஓவியம் ஒன்று ஐக்கிய அமெரிக்காவிலே இருந்தது. அது ஒரு மோட்டார் வண்டியின் மீது தீட்டப்பெற்றது. அவ்வண்டி சென்று தங்கிய ஊர்களை ஒவ்வொன்றாக நோக்கின், ஒரு கலைப்பொருளின் பிறப்பும் அழிவும் மறுபிறப்பும் நமக்குப் புலனாகும்.

வண்டியின் பிறப்பிடம் ஜேர்மனி தேசத்து ஸ்ருட்காட் நகரம். 1964 ஆம் ஆண்டில் அங்கு உருவான போர்ஷே 356 சி என்னும் வகையைச் சேர்ந்தது அது. துணியாலான மேற்கூரையை விரும்பியபோது பின்புறமாக மடித்துவிட்டுத் திறந்த வானத்தின்கீழ் ஓட்டிச் செல்லலாம். நீரின்றிக் காற்றினாலேயே குளிரூட்டப்படும் அதன் எந்திரம் வண்டியின் பின்பக்கத்தில் அமைந்துள்ளது. 1948 முதல் 1965 வரை 356 என்னும் இவ்வினத்தில் சுமார் 76,000 வண்டிகள் செய்யப்பட்டன. ஆகவே, செல்வர் விரும்பிய அழகிய வண்டி என்பதன்றி, அதற்குத் தனிச்சிறப்பு அந்நாளில் ஏதும் இருந்ததில்லை.

1968 ஆம் ஆண்டில் பாடகி ஜனிஸ் ஜொப்ளின் அதனைப் பழைய வண்டியாக 3,500 டொலருக்கு வாங்கினார். ரெக்சாஸ் மாநிலக் கரையோரத்தில், எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகள் நிறைந்த போட் ஆதர் என்னும் ஊரிலே 1943 இல் பிறந்தவர் அவர். பள்ளி நாட்களில் சக மாணவரின் ஏளனத்துக்கு ஆளானவர். 1966 இல் சான்பிரான்சிஸ்கோவுக்குச் சென்று ஓர் இசைக்குழுவிலே சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய கரகரத்த குரல் நாடெங்கும் அறியப்பட்டது.

அந்நாளைய சான்பிரான்சிஸ்கோ நிறங்களின் நகரமாக விளங்கிற்று. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர் திரண்டுவந்த ஹெயிற் அஷ்பரிப் பகுதியில் உடையிலும் சுவரொட்டியிலும் வர்ணங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அத்தகைய சூழலிலே ஒற்றை நிற வண்டியை ஓட்ட ஜொப்ளினுக்கு மனம் வரவில்லை. தம் இசைக்குழுவின் உதவியாளராகப் பணியாற்றிய டேவ் ரிச்சர்ட்ஸ் என்பவரிடம் 500 டொலர் கொடுத்து, வண்டி முழுவதும் சித்திரம் தீட்டுமாறு வேண்டினார். வண்ணத்துப்பூச்சிகளும் காளான்களும், மண்டையோடும், மலைச்சாரற் காட்சிகளும், மகர ராசியிற் பிறந்த ஜொப்ளினுக்குரிய ராசிச் சின்னமும், அவருடைய இசைக்குழுவினரின் உருவங்களும் தூரிகையால் அவ்வண்டியின் மீது எழுந்தன. வெறுமையான இடம் என்று சொல்ல ஒரு சாண்கூட எஞ்சவில்லை. தம் படைப்புக்குப் 'பிரபஞ்சத்தின் சரித்திரம்' என ரிச்சர்ட்ஸ் பெயரிட்டார்.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே செல்வோர் 1937 இல் திறக்கப்பட்ட கோல்டன் கேற் தொங்குபாலத்தைக் கடந்து மரின் மாவட்டத்தை அடைவர். வானளாவும் செம்மரங்கள் சூழ்ந்த லாக்ஸ்பர் என்னும் ஊர் அங்கேதான் உள்ளது. ஜொப்ளின் தம் இறுதிக் காலத்தில் அவ்வூரில் வாழ்ந்தார். வண்டியின் மீது தீட்டப்பெற்ற மலைக்காட்சிகள் இம்மாவட்டத்துக்கு உரியனவே. தான் ஓடிய நிலத்தையே தன் மேனியிலும் சுமந்து திரிந்தது அவ்வண்டி. அது எங்கே நின்றாலும் உரியவர் அருகில் இருக்கிறார் என்பதை யாவரும் அறிந்தனர். அன்பர்கள் சிறு கடிதங்களை எழுதிக் கண்ணாடித் துடைப்பானின்கீழ்ச் செருகிச் சென்றனர்.

1969 இல் திருடன் ஒருவன் வண்டியைக் கவர்ந்து சென்றான். எளிதில் அடையாளம் காணத்தக்க ஓவியத்தை மறைக்கச் சாம்பல் நிறப் பூச்சை அதன்மேல் விசிறினான். வண்டி மீட்கப்பட்டபோது, ரிச்சர்ட்ஸ் தாம் முன்பு இட்டிருந்த வாணிஷின் பயனை உணர்ந்தார். மேற்பூச்சை நீக்கியதும் அடியிலிருந்த சித்திரங்கள் மீண்டும் வெளிப்பட்டன. கள்வன் கையிலிருந்து தப்பிய ஓவியத்தைக் காலத்தின் கையிலிருந்து காக்கத்தான் இயலவில்லை.

1970 ஒக்ரோபர் முதலாந் தேதி, மேசெடெஸ் வண்டியை வேண்டிக் கடவுளிடம் முறையிடும் வேடிக்கைப் பாடல் ஒன்றை ஜொப்ளின் ஒலிப்பதிவு செய்தார். மூன்று நாட்களின் பின், ஹொலிவூட்டிலுள்ள ஹோட்டல் ஒன்றில், 27 ஆவது வயதில், போதைப்பொருளுக்குப் பலியானார். ஹோட்டல் தரிப்பிடத்தில் வர்ண வண்டி நிற்பதைக் கண்டே, அவர் எங்கும் செல்லவில்லை என்பதை அவரைத் தேடி வந்தவர் உணர்ந்தார்.

பின்னர் அவருடைய முகாமையாளர், நியூயோர்க் மாநிலத்து பெயார்ஸ்வில் என்னும் சிற்றூரில் வண்டியை வைத்திருந்தார். விருந்தினர் பலர் அதனை ஓட்டினர். 1973 இல் அது குடும்பத்தாரிடம் திரும்பியது. தம்பி அதனைப் பாவித்தார். வெயிலும் மழையும் பட்டுச் சித்திரம் பொருக்குப் பொருக்காக உதிரலாயிற்று. இறுதியில் குடும்பத்தார் வண்டிக்குச் சாம்பல் நிறம் பூசுவித்தனர். திருடன் விசிறிய அதே நிறம்! இம்முறை அதன் அடியில் மீட்பதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

1990 களின் முற்பகுதியில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகர நாடக அரங்கின் ஓவியர் இருவர், பழைய புகைப்படங்களைத் துணைக்கொண்டு, அச்சித்திரங்களை மீண்டும் தீட்டினர். 1995 இல், ஈரி ஏரிக்கரையிலே கிளீவ்லாந்து நகரில் ஐ. எம். பேய் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த கண்ணாடிக் கூம்புக் கட்டடத்தில், ரொக் அன்ட் ரோல் இசை நூதனசாலை திறக்கப்பட்டது. வண்டி அங்கே காட்சிக்கு வைக்கப்பெற்றது. 2015 டிசம்பரில் நியூயோர்க் ஏலத்தில் அது 17 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

இவ்வளவு பொருள் கொடுத்து வாங்கியவர் எதனை வாங்கினார்? ரிச்சர்ட்ஸின் தூரிகை இட்ட வர்ணம் அதிலில்லை. இருப்பது பிறர் கைப்பட்ட பிரதி. பிரதியாயின் பெறுமதி இல்லை என்பார் உளர். எனினும் சற்று ஆழ்ந்து நோக்குவோம். முதலாவது ஓவியம் சில ஆண்டுகளே வாழ்ந்தது. ஆனால் வீதியிலே, மக்கள் நடுவிலே, தன்னைச் செய்வித்தவரோடு வாழ்ந்து தேய்ந்தது. இரண்டாவது ஓவியம் கூரையின்கீழ்ப் பத்திரமாக நின்று நீடித்தது. விலை பெற்றது இரண்டாவது. அவ்விலையைத் தேடித் தந்ததோ உதிர்ந்துபோன முதலாவது. ஓடுவதற்கென்றே தீட்டப்பெற்ற சித்திரம் ஓடியே தேய்ந்ததை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?